மாம்பழ வாசம், நிகோடின் இல்லாதது

மூன்று மெஷின்களைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, "எடுத்துப் பாருங்கண்ணே, கடிக்காது" என்கிறான் கடைக்காரன். கடிக்காதுதான். ஆனாலும் கை போகமாட்டேன் என்கிறது. கை பாக்கெட்டுக்குள் இருக்கிறது, காலையிலேயே தீர்ந்துபோன மலிவு வேப்பை, மின்சிகரெட்டை, செத்த எலியைப் பிடித்திருப்பது மாதிரி பிடித்துக்கொண்டு. இந்நேரம் அக்காவுக்குப் பாதி ஓடியிருக்கும். தெருவுக்கு அந்தப் பக்கம், மருந்துக் கடைக்கு மேலே, மாடியில்தான் டயாலிசிஸ் சென்டர். இங்கிருந்து பார்த்தால் ஜன்னலில் நீலத் திரை மட்டும் தெரிகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் என் அக்கா புஷ்பாவதியின் ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் இதே கதைதான். நான்தான் காடி ஓட்டி அவளை ஏற்றிக்கொண்டு வருவேன், முடிகிறவரை கிள்ளான் டவுனில் இந்தத் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருப்பேன், மறுபடி ஏற்றிக்கொண்டு போவேன். இந்த அலைச்சலெல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தான் என்று சொன்னார்கள். என் கிட்னி அவளுக்குப் பொருந்துகிறது. ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது, டாக்டர் எழுந்து கைகூடக் கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. என் உடம்பில் நிகோடின் இருக்கக்கூடாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மூத்திரம் எடுத்துப் பார்ப்பார்கள். போன தடவை பார்த்தபோது இருந்தது. இந்தத் தடவையும் இருந்தால் என் பெயரை எடுத்துவிடுவார்கள். இன்றைக்கு விட்டால்கூட அதற்குள் சுத்தமாகிவிடும் என்று மிஸ்ஸி, இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், சொல்லியிருக்கிறாள். அதனால்தான் நான் வேப் கடையில் நிற்கிறேன் போலிருக்கிறது. எனக்கே சிரிப்பு வருகிறது, வாய்வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

கடைக்காரன் சட்டையில் தேவேந்திரன் என்று தைத்திருக்கிறது. நல்ல உடம்பு, நல்ல பொறுமை. "இத்தனை நாளா தூக்கிப் போடுறதுதானே இழுத்தீங்க? அப்ப இதுதான் உங்களுக்கு முத நல்ல மெஷின். பாத்து எடுக்கணும்லா" என்கிறான், பெண் பார்க்க வந்தவனிடம் சொல்வது மாதிரி. முதலாவது விரல் நீளத்துக்குத்தான் இருக்கிறது. பேட்டரி உள்ளேயே, பொத்தான்கூடக் கிடையாது, இழுத்தால் தானாக வேலை செய்யும். இரண்டாவது கொஞ்சம் தடிமன், காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம், உள்ளே சூடாகிற காயிலைக் கழற்றி மாட்டலாம். மூன்றாவது செங்கல்லை இரண்டாக உடைத்த மாதிரி, அதற்குத் தனியாக இரண்டு பேட்டரி, ஊதினால் கடை முழுக்கப் புகை. "வாயில வாங்கி அப்புறம் நெஞ்சுக்கு இறக்குற ஆளா, நேரா நெஞ்சுக்கே இழுக்குற ஆளா? அத மொதல்ல சொல்லுங்க. நெறைய பேரு பெருசா இருக்கேன்னு இத வாங்குவாங்க, ரெண்டு நாள் இருமுவாங்க, மூணாவது நாளு சிகரெட்டுக்கே திரும்பிப் போயிருவாங்க." நான் எந்த ஆள் என்று யோசிக்கிறேன். வாயில் வாங்கி வைத்துக்கொண்டு இறக்காமலே இருக்கிற ஆள். காயில் என்றதும் எனக்கு என் வேலை ஞாபகம் வருகிறது. ஏர்கோன் சர்வீஸ்தான் எனக்குப் பிழைப்பு. மற்றவர்கள் வீட்டுக் காயிலில் படிந்த அழுக்கைத் தண்ணீர் அடித்துக் கழுவி, பில்டரைக் காயப்போட்டு மாட்டிவிட்டு வருகிறவன். தூக்கிப் போடுகிற வேப்பில் ஒரு வசதி இருந்தது. தீர்ந்தது, போட்டேன், இதுதான் கடைசி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் கடைசிதான். சார்ஜர், மாற்றுக் காயில், ஜூஸ் புட்டி என்று வாங்க ஆரம்பித்தால் அது குடித்தனம். குடித்தனம் வைத்துவிட்டு, நான் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யாரிடம் சொல்வது? இரண்டாவதைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். கனமாக இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

எல்லாம் அந்த மைக்கால் வந்த வினை. அன்றைக்கு என் கைக்கு மைக் வராமல் இருந்திருந்தால்? அக்கா மகள் தர்ஷிணியின் நிச்சயதார்த்தம், மண்டபத்தில் ஐந்நூறு பேர், நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள், வீலென்று கத்தி என் வேட்டியை நனைத்தாள். வயசுக்கு வந்தபோது நான் கொண்டுபோன சீர்த்தட்டுகளை ஜனங்கள் எண்ணிப் பார்த்தார்கள். எங்கள் வீடுகளில் தாய்மாமன் சீரைச் சும்மா வைத்துவிட்டு வந்துவிட முடியாது, மைக்கில் வாசிக்க வேண்டும். அன்றைக்கும் வாசித்தார்கள். சங்கிலி, வளையல், பட்டுப்புடவை. முடிந்ததும் அறிவிப்பாளர், "தாய்மாமன் நவநீதன் அவர்கள் இரண்டு வார்த்தை" என்று மைக்கை நீட்டிவிட்டார். அக்கா முன் வரிசையில், வீங்கிய காலில் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா புருஷன் மாமா போய்ச் சேர்ந்த பிறகு நான் அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன், எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அவளைப் பார்த்தேன். "இது எல்லாரும் குடுக்கிற சீரு. நான் இன்னொன்னும் குடுக்கிறேன். எங்க அக்காவுக்கு என் கிட்னி ஒன்ன குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை. சொன்ன அந்த நேரத்தில் அங்கேயே அறுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் படுத்திருப்பேன். மண்டபமே எழுந்து கை தட்டியது. கிழவிகள் அழுதார்கள். நாதஸ்வரக்காரர் எதையோ வாசித்தார். படம் பிடிக்கிறவன் ஓடிவந்து, "அங்கிள், சரியா விழல, அக்கா கையப் பிடிச்சிக்கிட்டு இன்னொரு தடவ சொல்றீங்களா" என்றான். நான் இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போதே என் கண் அக்காவை விட்டு மண்டபத்து வாசலுக்குப் போனது. அந்தப் படத்தைத் தர்ஷிணி பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"எதுக்குண்ணே மாத்துறீங்க? சிகரெட்ட விடுறதுக்கா, இல்ல சும்மா ஆசைக்கா?" என்று கேட்கிறான் தேவேந்திரன். கேட்கக்கூடாததை எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறான். சிகரெட்டை விட்டுத்தான் இதற்கு வந்தேன். டாக்டர் சொன்ன அன்றைக்கே விட்டேன், அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அக்காவிடம், "விட்டாச்சு" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இது சிகரெட் இல்லையே, இதில் சாம்பல் இல்லை, நாற்றம் இல்லை, இது கணக்கில் வராது என்று நானாகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மிஸ்ஸி அக்காவையும் என்னையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் சொன்னாள், அழுத்தம் திருத்தமாக, "வேப்பும் கூடாது மிஸ்டர் நவநீதன், நிகோடின் எந்த ரூபத்துல போனாலும் தெரிஞ்சிரும்." அப்போதாவது விட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலமே பெட்ரோல் நிலையத்தில் ஒன்று வாங்கினேன். பழக்கம் விடவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். பழக்கம்தான், இருபது வருடப் பழக்கம். ஆனால் பழக்கம் மட்டும்தானா? அதைத்தான் நான் கிட்டே போய்ப் பார்ப்பதில்லை. பதினாறாவது மாடியில், சுவருக்கு வெளியே, ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கம்ப்ரஸர் மாற்றுகிறவன் நான். பயம் என்றால் என்ன என்று அங்கே எனக்குத் தெரியாது. டாக்டர் என் சட்டையைத் தூக்கி, இடுப்புக்கு மேலே விரலால் ஒரு கோடு இழுத்து, "இவ்வளவுதான்" என்றாரே, அந்த விரல் போன இடம் இன்னும் குளிருகிறது. குளிக்கும்போது அந்த இடத்துக்குச் சோப்புப் போடாமல் விட்டுவிடுகிறேன். மயக்க ஊசி போட்டுவிடுவோம், உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்கிறார்கள். எனக்குப் பயமே அந்த ஒன்றுமே தெரியாததுதான். திறந்த மெஷின் பழையபடி மூடாது என்று என் வேலையில் எனக்குத் தெரியும், ஒரு ஸ்குருவாவது மிஞ்சும். கொடுத்தவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஓடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். பார்த்தேன். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஐந்நூறு பேர் கை தட்டியாகிவிட்டது. நான் சொல்ல வேண்டியதில்லை, மூத்திரம் சொல்லும். மருத்துவக் காரணம், பாவம், விட முடியவில்லை, அவனும் என்ன செய்வான் என்று நாலு பேர் சொல்வார்கள். இப்படி நான் ஒருநாளும் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை, சத்தியமாக. ஆனால் இங்கே வந்து நிற்கிற கால்கள் யாருடையவை? "சிகரெட்ட விடத்தான்" என்கிறேன் தேவேந்திரனிடம்.

"அப்ப இந்த ரெண்டாவதுதான் உங்களுக்கு. சிகரெட் மாதிரியே இறுக்கமா இழுக்கலாம், ஒழுகாது, கெட்டுப்போனா காயில மட்டும் மாத்திக்கலாம்" என்று அவன் ஜூஸ் அலமாரிப் பக்கம் திரும்புகிறான். என்ன பிளேவர்? புதினா, காப்பி, திராட்சை, பண்டான் இலை. என் வாய் மாம்பழம் என்கிறது. எத்தனை வாசம் இருந்தும் மாம்பழம். அக்காவுக்கு மாம்பழம் என்றால் உயிர், சின்ன வயதில் எனக்குக் கொட்டையைக்கூட விடமாட்டாள், இரண்டு கன்னத்தையும் அவளே அறுத்துத் தின்றுவிட்டுக் கொட்டையையும் சப்பிக்கொண்டே ஓடுவாள், நான் தோலை வைத்துக்கொண்டு அழுவேன். பெரியவள் விட்டுக்கொடுப்பாள் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. இப்போது அவள் மாம்பழத்தைக் கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான். பொட்டாசியம் ஏறிவிடும், கிட்னி வெளியேற்றாது, நெஞ்சு நின்றுபோகும். போன பருவத்தில் ஆசையை அடக்க முடியாமல் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பழம் முழுக்கத் தின்றுவிட்டாள். அன்றைக்கு ஆம்புலன்ஸில் அவள் மூக்கில் குழாயோடு, வாயோரத்தில் மஞ்சள் காயாமல், என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "நல்ல பழம்டா நவா" என்றாள். நான் திட்டினேன், வெளியே வந்து அழுதேன். அன்றிலிருந்து வீட்டுக்குள் மாம்பழம் வருவதில்லை. தண்ணீரும் அளவுதான், தாகம் எடுத்தால் ஓர் ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கையில் டயாலிசிஸ் ஊசி போடுகிற இடத்தைத் தொட்டால் உள்ளே ரத்தம் பழைய குளிர்பெட்டி மாதிரி உறுமும். ஒருநாள் என் விரலைப் பிடித்து அங்கே வைத்து, "ஏர்கோன்காரா, கேளு, கேஸ் இருக்கா பாரு" என்றாள். நான் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்திருக்கலாம்.

தேவேந்திரன் இரண்டு புட்டிகளைக் கொண்டுவந்து வைக்கிறான். இரண்டும் மாம்பழம், ஒரே மஞ்சள், ஒரே படம். ஒன்றில் முப்பது என்றும் இன்னொன்றில் பூஜ்யம் என்றும் பெரிதாகப் போட்டிருக்கிறது. "இதுல நிகோடின் இருக்கு, தொண்டையில பிடிக்கும். இது வெறும் வாசந்தான், ஸீரோ. இழுத்துப் பாருங்க, வேற வாய்முனை மாத்தித் தர்றேன்." கடவுளே, இவ்வளவு சுலபமாகவா வைப்பாய்? மெஷினும் கிடைக்கும், கையில் பிடிக்க ஒன்றும் இருக்கும், வாய்க்கும் வேலை இருக்கும், வெள்ளிக்கிழமையும் கடந்துவிடும். என் சாக்கு எல்லாவற்றையும் இந்தத் தடியன் ஒரு சின்னப் புட்டியில் அடைத்து மூடிவிட்டான். முதலில் ஸீரோவைத்தான் இழுக்கிறேன். மாம்பழம் வருகிறது, நன்றாகவே வருகிறது, ஆனால் நெஞ்சுக்குள் போய் எதையும் தொடாமல் திரும்பி வந்துவிடுகிறது. ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டிவிட்டு வருவது மாதிரி. பிறகு மற்றதை இழுக்கிறேன். தொண்டையில் பிடிக்கிறது. தலைக்குள் ஏதோ ஒன்று உட்காருகிறது, தோள் இறங்குகிறது, டாக்டரின் விரல் கொஞ்சம் தள்ளிப் போகிறது. ஜன்னலில் நீலத் திரை அசைகிறது, மிஸ்ஸி யாராவது நடந்திருப்பாள். "எதண்ணே?" என்கிறான். "இதுவே" என்கிறது வாய். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவன் மெஷினைத் திறந்து, காயிலில் நாலு சொட்டு விட்டு, மெஷின் நிறைய ஊற்றி மூடி, "காயில் நனையணும், கொஞ்ச நேரம் விட்டு இழுங்க, இல்லன்னா தீஞ்ச வாடை வந்துரும்" என்று பாடம் சொல்கிறான். பணத்தை வாங்கிக்கொண்டு பையில் எல்லாவற்றையும் போடும்போது, "இந்த ஸீரோவையும் வச்சிக்குங்க, சும்மாதான். இத யாரும் வாங்குறதில்ல, அலமாரியில தூசிதான் அடையுது" என்று அதையும் சீல் உடைக்காத புதுப் புட்டியாக எடுத்து உள்ளே போட்டுவிடுகிறான். நன்றி சொல்கிறேன். வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. பக்கத்து மாமாக் டீக்கடையில் யாரோ சிரிக்கிறார்கள். நாளையிலிருந்து ஸீரோவை ஊற்றிக்கொள்ளலாம். நாளைக்கு வேண்டாம், இது தீர்ந்ததும். இது தீர எத்தனை நாள் ஆகும் என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

அக்கா மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறாள், கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவள் முகம் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கும், இன்றைக்கும் அப்படித்தான். "பசியாறுனியாடா?" என்கிறாள். எப்போதும் இதைத்தான் முதலில் கேட்பாள். "ஆச்சுக்கா." காடிக்குள் அனலடிக்கிறது, ஏர்கோனைத் திருகுகிறேன். பை முன்சீட்டில் கிடக்கிறது, எடுத்துப் பின்னால் போடலாம் என்று நினைப்பதற்குள் அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். மூக்கைச் சுருக்குகிறாள். "மாம்பழம்." நான் கண்ணாடியைப் பார்க்கிறேன், வண்டி ஏதாவது வருகிறதா என்று, நிற்கிற காடிக்குப் பின்னால். அவள் பைக்குள் கையை விட்டு முதலில் மெஷினை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "பாத்தா பேனா டப்பா மாதிரி இருக்கு." பிறகு திறந்த புட்டியை எடுக்கிறாள். பிறகு மற்றதை. இரண்டையும் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படிக்கிறாள். மிஸ்ஸி சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "இது என்னடா, பூஜ்யம்?" "நிகோடின் இல்லாதது." "ஓ." விரலால் மூடியைத் தடவுகிறாள், மூடியைச் சுற்றி இருக்கிற அந்த மெல்லிய சீலை நகத்தால் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறாள். "இது இன்னும் ஒடைக்கவே இல்லியே."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இப்பத்தான் வாங்கினேன், நாளைக்கு ஊத்தலாம்னு, கடைக்காரன் தப்பா ஊத்திட்டான். எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, கை ஏர்கோனை இன்னும் கூட்டுகிறது. அவள் இரண்டு புட்டிகளையும் பத்திரமாகப் பையில் வைக்கிறாள், பையின் காதுகளை முடிச்சுப் போடுகிறாள். மெஷின் மட்டும் அவள் கையில் இருக்கிறது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, கடைக்குப் போகும்போது சீனி வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொல்கிறாள்: "வெள்ளிக்கெழம நீ வர வேணாம் நவா. நான் மிஸ்ஸிகிட்ட பேசிக்கிறேன். எனக்கு ஆபரேஷன்னா பயமா இருக்கு, வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன்னு சொல்றேன். சொந்தக்காரங்க கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். நீயும் அதையே சொல்லு, என்ன? மாத்திச் சொல்லிராத." வெட்கமாக இருக்கிறது, உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி வெட்கம். அதற்கு அடியில், நான் தேடாமலே, சில்லென்று ஒரு நிம்மதி பரவுகிறது, அதைத்தான் தாங்க முடியவில்லை. "அக்கா, அப்படியெல்லாம் இல்லக்கா" என்கிறேன். "சரி, சரி. அழுவாத. ரோட்டுல எல்லாரும் பாக்குறாங்க" என்று மெஷினை என்னிடம் நீட்டுகிறாள். "ஊது. வாசமாச்சும் வரட்டும்." "வேணாம்க்கா." "ஊதுடா. நான் மாம்பழம் தின்னு எத்தன நாளாச்சு." கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இருக்கையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். கட்டுப் போட்ட கை மடியில் கிடக்கிறது, கட்டுக்கு அடியில் அந்த உறுமல் ஓடிக்கொண்டிருக்கும். நான் மெஷினை வாயில் வைத்து இழுக்கிறேன். தொண்டையில் பிடிக்கிறது. ஊதுகிறேன். புகை மெதுவாக அவள் முகத்தைத் தாண்டிப் போகிறது, அவள் மூக்கு விடைத்து அதை இழுத்துக்கொள்கிறது. "பழுத்த பழம்தான்" என்கிறாள் கண்ணைத் திறக்காமலே. "இன்னொரு தடவ."